நிழல் காலடிக்குள் அடங்கும் நாள்

சித்திரை பிறக்க மூன்று நாள் இருக்கும்போது, பகல் பன்னிரண்டே கால் மணிக்கு உலக்கையை எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு வருவது எனக்குப் பழக்கமாகிவிட்டது. செங்குத்தாக நிறுத்திப் பிடித்துக் காத்திருப்பேன். நாகர்கோவில் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 8 பாகைக்குச் சற்று மேலே இருக்கிறது. வடக்கு நோக்கி நகர்ந்துவரும் சூரியன் ஏப்ரல் 11-ஐ ஒட்டி நம் தலைக்கு நேர் மேலே வந்து சேர்கிறது. இந்திய நேரம் 82.5 பாகை தீர்க்கரேகைக்குக் கணக்கிட்டது. நாம் அதற்கு 5 பாகை மேற்கே இருப்பதால் நம்முடைய உச்சிவேளை 12.20 வாக்கில்தான் வரும். அந்த நேரத்தில் உலக்கையின் நிழல் மெல்லச் சுருங்கி, இரும்புப் பூணுக்கு அடியிலேயே போய் ஒடுங்கிவிடும். ஓரிரு நிமிடம் முற்றத்தில் நிழல் என்பதே இருக்காது.

இந்த நிழலற்ற நண்பகல் நான்கைந்து நாளில் மதுரைக்குப் போகும். ஏப்ரல் 24 வாக்கில் சென்னைக்குப் போகும். தமிழ்நாட்டில் அது முதலில் வந்து இறங்குவது குமரி மண்ணில். வீட்டுத் தோட்டத்துக்கு எங்கே எதை நடுவது என்ற கணக்கை நான் அந்த உலக்கையிடமிருந்துதான் தொடங்குகிறேன். காரணம் இருக்கிறது.

தோட்டம் போடுவது பற்றி நம் கைக்கு வரும் புத்தகங்களும் குறிப்புகளும் பெரும்பாலும் குளிர்நாட்டு அனுபவத்தில் ஊறியவை. அங்கே வசந்தம் என்றால் உறைபனி விலகும் காலம். மண் சூடேறாமல் பயறு விதையைப் போட்டால் அது முளைக்காமல் அழுகும். இங்கிலாந்தில் தக்காளி நாற்றை வெளியே நட மே மாதக் கடைசி வரை காத்திருப்பார்கள். நமக்கு அந்தக் கவலை கிடையாது. மார்கழி விடியற்காலையிலும் நாகர்கோவில் மண் விதையை எழுப்பும் அளவுக்குச் சூடாகத்தான் இருக்கிறது. லண்டனில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே ஏறத்தாழ 9 மணி நேர வித்தியாசம். நமக்கு ஒரு மணி நேரம்கூட இல்லை.

அப்படியானால் இளவேனில் நமக்கு எதைக் கொண்டுவருகிறது? சூரியன் பக்கம் மாறுகிறது. தண்ணீர் வரத் தொடங்குகிறது. குமரியில் ஒரு வீட்டுத் தோட்டத்தின் திட்டம் இந்த இரண்டின் மேல்தான் நிற்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

பக்கம் மாறுவது பற்றி முதலில். புதுவீடு கட்டிக் குடிவந்த முதல் வருடம், 'தெற்குப் பக்கத்துக்குத்தான் வெயில் அதிகம்' என்று படித்ததை நம்பி, சித்திரையில் வீட்டின் தெற்குச் சுவரை ஒட்டி 3 அடி அகலத்தில் பாத்தி பிடித்தேன். வெண்டையும் வழுதலையும் நட்டேன். முளைத்ததெல்லாம் நன்றாகத்தான் முளைத்தது. வைகாசியில் செடிகள் தண்டு மெலிந்து, இலை வெளுத்து, வெளிச்சத்தைத் தேடி முற்றத்துப் பக்கமாகச் சாய ஆரம்பித்தன. அம்மை வந்து பார்த்துவிட்டு, "இது என்ன மக்கா, வெயில் வடக்க போயாச்சு, நீ தெக்க கொண்டு நட்டு வச்சிருக்க?" என்றாள். அவள் பூகோளம் படித்தவள் இல்லை. நெல் காயப்போட்டும் வத்தல் காயப்போட்டும் பழகியவள். எந்த மாதம் எந்த முற்றத்தில் பாய் விரிக்க வேண்டும் என்பது அவளுக்குக் கைப்பழக்கம்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் முடியும் வரை, அதாவது சித்திரை முதல் ஆவணி நடு வரை, நமக்குச் சூரியன் உச்சிக்கு வடக்கே இருக்கிறது. ஜூன் 21 அன்று 15 பாகை வடக்கே சாய்ந்திருக்கும். 12 அடி உயரச் சுவரின் நிழல் அன்று நண்பகலில் தெற்கே மூன்றேகால் அடி விழும். காலையிலும் மாலையிலும் அது இன்னும் அகலமாகும். அதாவது என் 3 அடிப் பாத்தியில் ஆனி மாதத்தின் பெரும்பகுதியில் நேர்வெயில் ஒரு கீற்றுகூட விழவில்லை. மார்கழியில் இதற்கு நேர்மாறு. சூரியன் உச்சிக்குத் தெற்கே 31 பாகைக்கு மேல் இறங்கிவிடும். அதே சுவரின் நிழல் வடக்கே ஏழரை அடி வரை நீளும்.

இங்கிலாந்திலோ டெல்லியிலோ சூரியன் ஆண்டு முழுக்க நண்பகலில் தெற்கேதான். அங்கே தெற்குப் பாத்தி என்ற விதி சரி. நாம் கடகரேகைக்கும் நிலநடுக்கோட்டுக்கும் நடுவே, அதுவும் நிலநடுக்கோட்டுக்கு மிக நெருங்கி வாழ்கிறோம். நம் வீட்டின் வடக்கும் தெற்கும் முறை வைத்துக்கொண்டு வெயில் வாங்கும் நிலங்கள். வடக்குப் பக்கத்தில் சித்திரையில் நட்டு ஆவணிக்குள் பறித்து முடிக்கும் காய்கறி. தெற்குப் பக்கத்தில் புரட்டாசியில் நட்டுப் பங்குனிக்குள் முடிப்பது. இப்படி மாற்றிய பிறகு என் வெண்டைக்குக் குறை வந்ததில்லை. கோடையில் நிழலாகக் கிடக்கும் தெற்குச் சுவரோரம் வீணாகவும் போகாது. நாற்றங்காலுக்கும் தொட்டிச் செடிகளுக்கும் சித்திரை வெயிலில் அதைவிட நல்ல இடம் ஏது?

கிழக்கும் மேற்கும் வேறு கதை. விடியற்காலையில் இலையின் துளைகள் நன்றாகத் திறந்திருக்கும். மண்ணில் ஈரம் இருக்கும், காற்றில் வறட்சி குறைவு. அப்போது கிடைக்கும் வெளிச்சத்தில் செடி குறைந்த தண்ணீர்ச் செலவில் நிறையச் சமைத்துக்கொள்கிறது. பனித்துளி சீக்கிரம் காய்ந்துவிடுவதால் பூஞ்சை நோயும் குறைகிறது. பிற்பகலில் வெயில் அதே அளவு இருந்தாலும், இலை சூடேறி, தண்ணீரை மிச்சம் பிடிக்கத் துளைகளை மூடிக்கொள்கிறது. அந்த வெயிலால் செடிக்கு வாட்டம்தான் மிச்சம். ஆகவே கிழக்கைத் திறந்து வை, மேற்கில் உயரமானதை நடு. நமக்கு இதில் இன்னொரு அனுகூலமும் உண்டு. ஆனி ஆடியில் அடிக்கும் காற்றும் மேற்கிலிருந்துதான் வருகிறது. ஆரல்வாய்மொழிக் கணவாயில் அது எப்படிக் குவிந்து பாய்கிறது என்பதை முப்பந்தல் காற்றாலைகளைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மேற்கே நிற்கும் தென்னையும் அயனியும் பிற்பகல் வெயிலையும் தடுக்கும், காற்றின் வேகத்தையும் உடைக்கும். வாழையை அவற்றுக்குக் கிழக்கே ஒளித்து வைக்க வேண்டும். வாழையின் வேர் பெரும்பாலும் மேல்மண்ணில் ஓரடி ஒன்றரை அடிக்குள் பரவுவது. அதன் தண்டு என்று நாம் சொல்வது தண்ணீர் நிறைந்த இலைமட்டைகளின் சுருள். குலை தள்ளிய ஏத்தன் வாழை காற்றைத் தாங்குவதற்காகப் படைக்கப்பட்டதல்ல. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் இந்த மாவட்டத்தை ஒட்டிக் கடந்த மறுநாள், ஏத்தன் தோட்டங்கள் பாய் விரித்தாற்போல் படுத்துக் கிடந்ததைப் பார்த்த கண்ணுக்கு அது மறக்காது. ரப்பரும் தென்னையும்கூடத் தப்பவில்லை.

இனி வெளிச்சத்தை மேலிருந்து கீழாகப் பார்ப்போம். நாஞ்சில் நாட்டில் வயல் அல்லாத தோட்ட நிலத்துக்கு 'விளை' என்று பெயர். எத்தனை ஊர்ப்பெயர்கள் இந்தச் சொல்லில் முடிகின்றன என்று எண்ணிப் பார்த்தால், இங்கே மனிதர்கள் எப்படிக் குடியமர்ந்தார்கள் என்பது புரியும். முதலில் விளை, அதன் நடுவே வீடு. என் பாட்டா காலத்து விளையில் எல்லாவற்றுக்கும் மேலே தென்னையும் அயனியும் பலாவும் நின்றன. அவற்றின் கீழே வாழையும் முருங்கையும் குடம்புளியும். மரத்தைச் சுற்றி ஏறிய நல்லமிளகுக் கொடி. அதற்கும் கீழே மரச்சீனியும் சேனையும். தரையோடு தரையாகச் சேம்பு, இஞ்சி, மஞ்சள், கூவை. வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு அது ஒழுங்கில்லாத காடு. ஜாவாவின் வீட்டுத் தோட்டங்களையும் கண்டிப் பகுதியின் வீட்டுத் தோட்டங்களையும் கேரள, குமரி விளைகளையும் வைத்து, மரமும் பயிரும் சேர்ந்து வாழும் இந்த முறையை உலக அறிவியலில் ஒரு துறையாகவே வளர்த்தெடுத்தவர்களில் முக்கியமானவர் பி. கே. ஆர். நாயர். அவர் தொடக்க காலத்தில் ஆராய்ச்சி செய்தது காசர்கோட்டில், மத்திய தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையத்தில்.

தென்னந்தோப்பில் ஏன் இத்தனை அடுக்கு சாத்தியம் என்பதற்குக் காசர்கோட்டு ஆய்வுகளே விடை சொல்லின. 25 அடி இடைவெளியில் நட்ட தென்னையின் சுறுசுறுப்பான வேர்கள் அடிமரத்திலிருந்து சுமார் 2 மீட்டர் ஆரத்துக்குள் அடங்கிவிடுகின்றன. தோப்பின் நிலத்தில் கிட்டத்தட்ட முக்கால் பங்கு மண்ணைத் தென்னை அதிகம் பயன்படுத்துவதே இல்லை. வெளிச்சமும் அப்படித்தான். முதல் 7, 8 ஆண்டுகளில் தரைக்கு நிறைய வெயில் வரும். பிறகு 25 ஆண்டு வரை ஓலைக் கூரை அடர்ந்து, தரைக்கு ஐந்தில் ஒரு பங்கே இறங்கும். மரம் உயர உயர மறுபடியும் சாய்வெயில் உள்ளே வரத் தொடங்கும். ஆகவே தென்னையடியில் என்ன நடலாம் என்று கேட்பவரிடம் நான் முதலில் கேட்பது தென்னையின் வயதை.

எல்லா இலைக்கும் முழுவெயில் தேவை என்று நினைப்பதும் தவறு. சேம்பு, இஞ்சி, மஞ்சள் போன்றவற்றின் இலை, முழுவெயிலில் மூன்றில் ஒரு பங்கு கிடைத்தாலே ஏறத்தாழ தன் சமையல் வேகத்தின் உச்சத்தைத் தொட்டுவிடும். அதற்கு மேல் விழும் வெயில் இலையைச் சூடாக்க மட்டுமே உதவும். ஆனால் தண்டங்கீரை வேறு சாதி. மக்காச்சோளம், கரும்பு ஆகியவற்றைப் போல, காற்றிலுள்ள கரியமில வாயுவை உள்ளே திரட்டிக் குவித்துக்கொண்டு சமைக்கும் திறன் அதற்கு உண்டு. சூடு ஏற ஏற அதன் கை ஓங்கும். சித்திரையின் உச்சிவெயில் படும் திறந்த பாத்தி எது உண்டோ அதைத் தண்டங்கீரைக்கு ஒதுக்குங்கள். 25 நாளில் பறிக்கலாம்.

வெயிலின் கணக்கு இவ்வளவு. தண்ணீரின் கணக்கு இதைவிட நுட்பமானது.

தமிழ்நாட்டை ஏழு வேளாண் காலநிலை மண்டலங்களாகப் பிரித்தவர்கள் குமரி மாவட்டத்தை மட்டும் 'அதிக மழை மண்டலம்' என்று தனியாக வைத்தார்கள். ஆடிப்பட்டம் தேடி விதை என்பது வடகிழக்குப் பருவமழையை நம்பும் மற்ற மாவட்டங்களுக்கு ஏற்ற வாக்கு. நமக்கு இரண்டு மழை. ஜூன் முதல் வாரத்தில் கேரளத்தில் இறங்கும் தென்மேற்கு மழையை இங்கே இடவப்பாதி என்போம். ஐப்பசியில் வருவது துலாமழை. நாஞ்சில் நாட்டு வயல்களின் கன்னிப்பூவும் கும்பப்பூவும் இந்த இரண்டு மழைகளை ஒட்டி அமைந்தவை. ஒன்று கன்னி என்னும் புரட்டாசியிலும் மற்றது கும்பம் என்னும் மாசியிலும் அறுவடைக்கு வரும். இவற்றுக்கு முன்னால், சித்திரையிலும் வைகாசியிலும், மூன்றாவதாக ஒன்று உண்டு. அதுதான் கோடைமழை. பகல் வெயிலில் நிலம் கொதிக்கிறது. ஈரக்காற்று கடலிலிருந்து உள்ளே வந்து மலைச்சரிவில் ஏறுகிறது. பிற்பகல் மூன்று, நான்கு மணிக்கு மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கம் இருட்டிக்கொண்டு இடியோடு கொட்டுகிறது. பேச்சிப்பாறைப் பக்கம் அடித்துப் பெய்யும் நாளில் கன்னியாகுமரியில் ஒரு சொட்டு விழாமலும் இருக்கும். அளவில் சிறியதுதான். ஆனால் வீட்டுத் தோட்டத்துக்கு அதைவிட மதிப்பான மழை வேறில்லை என்பேன்.

அதற்கு அறிவியல் காரணம் இருக்கிறது. மாதக்கணக்கில் காய்ந்து கிடந்த மண்ணில் முதல் மழை விழும்போது, உறங்கிக்கிடந்த நுண்ணுயிர்கள் சட்டென்று விழித்துப் பெருகுகின்றன. வறட்சியில் மடிந்த நுண்ணுயிர்களின் உடல்களும் மக்கிய இலைதழையும் அவற்றுக்கு இரை. சில நாட்களுக்குள் மண்ணிலிருந்து கரியமில வாயு பொங்கி வெளியேறுகிறது. கூடவே, செடிக்குத் தேவையான தழைச்சத்து உப்பாக மாறி மண்ணில் நிறைகிறது. கிழக்கு ஆப்பிரிக்க மண்ணில் இதை ஆராய்ந்து 1958-இல் எழுதிய பிர்ச் என்பவரின் பெயரால் இது பிர்ச் விளைவு எனப்படுகிறது. முதல் மழையில் எழும் மண்வாசனையிலும் நுண்ணுயிர்களுக்குப் பங்குண்டு. ஸ்ட்ரெப்டோமைசிஸ் வகை நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ஜியோஸ்மின் அந்த வாசனையின் பெரும்பகுதி.

இப்படித் திரளும் நைட்ரேட்டுக்கு ஒரு குணம். அது மண்துகளோடு ஒட்டிக்கொள்ளாது. தண்ணீர் எங்கே போகிறதோ அங்கே போகும். கோடைமழையில் விளைந்த அந்தச் சத்து, இரண்டு மூன்று வாரம் கழித்து இடவப்பாதி கொட்டோ கொட்டென்று கொட்டும்போது வேருக்கு எட்டாத ஆழத்துக்கு இறங்கி, ஓடை வழியே கடலுக்குப் போய்விடுகிறது. சித்திரைக்கு முன்பே மண்ணுக்குள் போய், முதல் மழைக்கு வேர் விரித்து நிற்கும் செடி அதைப் பிடித்துக்கொள்ளும். இடவப்பாதி வந்த பிறகு 'இப்பதான் தண்ணி வந்தாச்சே' என்று நடப்படும் செடிக்குக் கழுவி விடப்பட்ட மண்தான் கிடைக்கும். அதற்கு நாம் உரம் வாங்கிப் போட வேண்டும். கன்னிப்பூவுக்குச் சித்திரையிலேயே புழுதியில் விதைத்த முன்னோர், இஞ்சியையும் மஞ்சளையும் முதல் மழை கண்டதும் மண்ணுக்குள் வைத்து மேலே பச்சைக் குழை போட்டு மூடியவர்கள், இந்த நைட்ரேட்டைப் பெயர் தெரியாமலே பிடித்தவர்கள். மேடம் என்னும் சித்திரையின் பத்தாம் நாள் பத்தாமுதயம் என்று என் பாட்டா ஒரு தென்னம்பிள்ளையாவது நடாமல் இருக்க மாட்டார். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த மாவட்டம் இது. கேரளத்து நடவு நாள் நம் வீட்டுக்கும் நடவு நாளாக இருந்ததில் வியப்பில்லை.

சேனைக்கு இன்னும் முந்த வேண்டும். கும்பத்தில் நட்டால் குடமளவு, மீனத்தில் நட்டால் மீன்கண்ணளவு என்று மலையாளத்தில் ஒரு பழமொழி உண்டு. அதில் மிகை இருக்கலாம், பொய் இல்லை. மார்கழி வாக்கில் தோண்டிய கிழங்கு இரண்டு மூன்று மாதம் உறங்கும். மாசியில் உறக்கம் கலைந்து நடுமுளை மினுங்கத் தொடங்கும். அரைக் கிலோவிலிருந்து ஒரு கிலோ வரையுள்ள துண்டுகளாக, ஒவ்வொன்றிலும் நடுமுளையின் ஒரு பங்கு இருக்கும்படி வெட்டி, சாணிக்கரைசலில் முக்கி நிழலில் உலர்த்தி, 3 அடிக்கு ஒன்றாகக் குழியில் வைப்பது வழக்கம். சேனையில் நாம் தண்டு என்று பார்ப்பது ஒற்றை இலையின் காம்பு. குடைபோல விரியும் அந்த இலை நிற்கும் வரையில்தான் கிழங்கு பருக்கும். எட்டு, ஒன்பது மாதத்தில் இலை சாய்ந்துவிடும். நடவு ஒரு மாதம் பிந்தினால், கிழங்கு பருக்கும் காலத்தில் ஒரு மாதம் குறைந்தது என்று பொருள். நாக்கை அரிக்க வைப்பது கிழங்கிலுள்ள கால்சியம் ஆக்சலேட்டின் ஊசிப் படிகங்கள். கஜேந்திரா போன்ற ரகங்களில் இந்த அரிப்பு மிகக் குறைவு. திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் 1963 முதல் இயங்கும் மத்திய கிழங்குப்பயிர் ஆராய்ச்சி நிலையம் நமக்கு இரண்டு மணி நேரப் பயணத்தில் இருக்கிறது. நல்ல விதைக்கிழங்கு வேண்டுபவர்கள் ஒரு முறை போய்வரலாம்.

எல்லாவற்றையும் சித்திரையிலேயே நட்டுவிட ஆசைப்படுவதும் பிழை. அவரைக்கொடியைச் சித்திரையில் நட்டவர்கள், ஏழு மாதம் பந்தல் நிறைய இலையாக வளர்ந்தும் ஒரு பூ இல்லையே என்று நொந்துகொள்வதைக் கேட்டிருக்கிறேன். பழைய நாட்டு அவரைகள் இரவின் நீளத்தை அளப்பவை. இரவு போதுமான அளவு நீண்ட பிறகுதான் பூக்கும். நம் ஊரில் பகலிரவு வித்தியாசம் ஒரு மணி நேரத்துக்கும் குறைவு என்றேன். அந்தச் சிறிய வித்தியாசத்தையும் அவரை கண்டுகொள்கிறது. சித்திரையில் நட்டாலும் ஆடியில் நட்டாலும் அது பூப்பது பனிக்காலத்தில்தான். ஆடியில் நட்டால் பந்தல் மூன்று மாதம் மற்ற கொடிக்கு மிச்சம். அந்த மூன்று மாதத்துக்குப் புடலையோ பாகலோ ஏற்றலாம். சிறகவரைக்கும் இதே குணம்.

தடியங்காய், பூசணிக் கொடிகள் வெறும் ஆண்பூவாகப் பூத்துத் தள்ளுவதும் சித்திரை, வைகாசியில் அடிக்கடி கேட்கும் குறை. இந்தக் குடும்பத்தில் வெப்பம் கூடினாலும் பகல் நீண்டாலும் ஆண்பூக்கள் பெருகும். எரு, அதிலும் தழைச்சத்து, அளவுக்கு மிஞ்சினாலும் கொடிதான் ஓடும். முதலில் வருபவை பெரும்பாலும் ஆண்பூக்களே. மழை பெய்து வெப்பம் தணிந்ததும் பிஞ்சோடு பெண்பூ வரும். கொடியைப் பிடுங்கிவிடாமல் பத்து நாள் பொறுத்திருங்கள்.

நல்லமிளகுக்கு அதைவிடப் பொறுமை வேண்டும். ஆண்டை 27 நட்சத்திரங்களால் பகுத்து, ஒவ்வொன்றுக்கும் பதின்மூன்றரை நாள் என்று வைத்த கணக்குக்கு ஞாற்றுவேலை என்று பெயர். ஜூன் 21, 22-இல் தொடங்கும் திருவாதிரை ஞாற்றுவேலைதான் மிளகுக்கொடி நடும் காலம். வெட்டி நடும் கொடித்துண்டில் இலை இருக்கும், வேர் இருக்காது. இலை வழியே தண்ணீர் போய்க்கொண்டே இருக்கும், உறிஞ்ச வழியில்லை. கணு வேர்விடும் வரை அது உயிரோடு இருக்க வேண்டுமானால் காற்று ஈரமாக, வானம் மூடி, மழை சன்னமாக விடாமல் பெய்துகொண்டிருக்க வேண்டும். திருவாதிரை நாட்கள் அதைத் தருகின்றன. சித்திரை வெயிலில் அந்தக் கொடியை நடுவது அதைக் காயப்போடுவதற்குச் சமம்.

ஆனால் குழிகளைச் சித்திரையிலேயே தோண்டிவிட வேண்டும். நம் மேட்டு நிலங்களில் பெரும்பாலும் செம்மண், அதன் கீழே சரலும் வெட்டுக்கல்லும். தென்னைக்கு 3 அடி ஆழம் வெட்டினால் மம்பட்டி நிற்கும், கடப்பாரை பேசும். அத்தகைய குழியின் அடியில் 2 கிலோ கல்லுப்பைப் போட்டு மழைக்காக விட்டு வைப்பது பழைய வழக்கம். வேளாண் துறையினரும் இதைப் பரிந்துரைக்கிறார்கள். உப்பிலுள்ள சோடியம் இறுகிய களித்துகள்களின் பிணைப்பைத் தளர்த்துகிறது. உப்பின் மறுபாதியான குளோரைடு தென்னைக்கு உணவு. கடலோரத்துத் தென்னை செழிப்பதற்கு அதுவும் ஒரு காரணம். ஈத்தாமொழியின் நெட்டைத் தென்னை புவிசார் குறியீடு பெறும் அளவுக்குப் பேரெடுத்ததும் கடற்கரையை ஒட்டிய மண்ணில்தான். உப்புக்கு மேலே தேங்காய்த் தொண்டை உட்குழிவு மேலே இருக்கும்படி இரண்டு வரிசை அடுக்கி மண் போட்டால், அது நீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு வறண்ட மாதங்களில் மெல்லக் கொடுக்கும். சாம்பல்சத்தும் அதிலிருந்து வரும். தொண்டை எரித்துவிடுபவர்களைக் கண்டால் எனக்கு மனம் பொறுப்பதில்லை.

எருக்குழி எங்கே என்பதைத் திட்டத்தில் குறிக்காமல் விடுபவர்கள் அதிகம். மக்கும் சாணிக்குவியலில்தான் காண்டாமிருக வண்டு முட்டையிடுகிறது. கொழுத்த வெள்ளைப் புழுக்கள் அதில் வளர்ந்து, வண்டாகி, இரவில் பறந்து போய்த் தென்னங்குருத்தைத் துளைக்கும். பிறகு விரியும் ஓலையில் கத்தரியால் வெட்டியதுபோல முக்கோண வெட்டுகள் தெரியும். எருக்குழியைத் தென்னம்பிள்ளைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். மாதம் ஒரு முறை கிளறி, புழுக்களைப் பொறுக்கிக் கோழிக்குப் போடுங்கள்.

5 சென்ட் மனை என்றால் 2,178 சதுர அடி. வீடு 1,000 சதுர அடியை எடுத்துக்கொண்டால் மிஞ்சுவதில் ஒரு தென்னைக்குத்தான் இடம். இரண்டு வைத்தால் இரண்டும் ஏங்கும். நான் அதை மேற்கு மூலையில், காய் விழுந்தால் ஓட்டில் விழாத தூரத்தில் வைப்பேன். அடுக்களைத் தண்ணீர் வெளியேறும் இடத்தில் மட்டி வாழை ஒரு மூடு, அதைச் சுற்றிச் சேம்பு. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற இந்த மட்டிப்பழத்தைத்தான் இங்கே பிள்ளைகளுக்கு முதல் பழமாகப் பிசைந்து கொடுக்கிறோம். சோப்புத் தண்ணீரை மட்டும் அந்த வழியில் விடக்கூடாது. குழியில் ஒரு முறை போடும் உப்பைப் போலல்லாமல், நாள்தோறும் சோடியம் சேர்ந்தால் மண் இறுகும். கிழக்கே கறிவேப்பிலையும் காந்தாரி மிளகாயும். வேலியில் ஒரு முருங்கைக் கம்பு, தண்ணீர் தேங்காத மேட்டில். 1,000 சதுர அடிக் கூரையில் 2 சென்டிமீட்டர் மழை பெய்தால் ஏறத்தாழ 1,800 லிட்டர் விழுகிறது. ஒரே ஒரு கோடைமழை அது. சிந்தியது போக 1,500 லிட்டராவது பிடிக்கலாம். பெரும்பாலான வீடுகளில் அது குழாய் வழியே நேராகத் தெருச்சாக்கடைக்குப் போகிறது. அந்தக் குழாயின் வாயைக் கிணற்றுப் பக்கமோ வாழைத் தடத்துப் பக்கமோ திருப்ப ஒரு நாள் வேலைதான்.

விளைகள் சென்ட் கணக்கில் மனைகளாகி விற்றுக்கொண்டிருக்கின்றன. அயனியை வெட்டி, மண்ணை நிரப்பி, நான்கு பக்கமும் மதில் எழுப்பி, முற்றத்தில் சிமெண்ட் கல் பாவிவிடுகிறார்கள். வடக்கே நாலடி, தெற்கே மூன்றடி விட்டுத்தான் கட்டுகிறார்கள். அந்த நாலடியிலும் மூன்றடியிலும் ஆண்டு முழுக்க மாறி மாறி வெயில் விழுகிறது. கல்லைப் பாவாமல் விட்டிருந்தால் வெண்டைக்கும் கீரைக்கும் அது போதும்.

நேற்றுப் பிற்பகல் வடமேற்கே மலைப் பக்கம் கறுத்தது. மாசியில் வைத்த சேனையில் ஏழு குழியில் முளை குத்தி நின்றது. எட்டாவதை விரலால் கிளறிப் பார்த்தேன். மண்ணுக்குள் வெள்ளை வேர் நாலாபக்கமும் ஓடியிருந்தது. மூடிவிட்டு, வடக்குப் பாத்தியில் ஊறவைத்த வெண்டை விதையை இரண்டிரண்டாகப் போட்டுக்கொண்டே வந்தேன். கடைசி வரிசை முடிவதற்குள் முதல் துளி முதுகில் விழுந்தது.